இருபத்திரண்டு பாகை

இரவு வேலை முடிந்து ஸ்டோரிலிருந்து வருகிறேன்.
ட்ரையரின் வாயில் பத்து மணி நேரம் நின்ற உடம்பு
ஹப்புத்தளைக் குளிரில் படியேறி
காம்பிராவுக்குள் விழுந்தால்
கொஞ்ச நேரத்தில்
பங்குனி வெயிலும் உள்ளே வந்து படுக்கிறது.

பகலில் தூங்குகிறவளுக்குத்தான் தெரியும்
தகரம் என்ன செய்கிறதென்று.

நுளம்பு அதிகமில்லாத ஊரில்
ஒரு நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்தேன்,
புகையைப் பார்க்க.
நேரே எழுந்தது ஓர் ஆள் உயரம்.
தகரத்தைத் தொட்டது.
மேலே போக வழியில்லை, கீழே வர மனமில்லை.
தகரத்தின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு
முகட்டை நோக்கி ஊர்ந்தது.
டிரங்குப் பெட்டிமேல் ஏறிக் கையை நீட்டினேன்:
நகத்துக்குச் சுட்டது,
மணிக்கட்டுக்குத் தெரியவேயில்லை.
அவ்வளவுதான் அந்த ஓட்டத்தின் கனம்.

தகரத்தின் மேற்பக்கம் அப்படியில்லை.
ரோட்டில் நின்று பார்த்தேன்.
அங்கே சூடு ஒட்டிக் கிடப்பதில்லை,
பிடிவிட்டுப் பிடிவிட்டுக் கட்டி கட்டியாய்க் கிளம்புகிறது;
எதிர்மலையின் தேயிலை நிரைகள்
அதற்குப் பின்னால் நெளிகின்றன.
ஒரே தகரம், ஒரே வெயில்.
மேலே உள்ளது பறந்துவிடுகிறது,
கீழே உள்ளது ஒட்டிக்கொண்டே ஏறுகிறது.
லயத்து ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.
தகரத்தைப் பற்றித்தான்.

மகளின் கொம்பாஸ் பெட்டியில் பாகைமானி எடுத்தேன்.
நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக்
கைமரத்தோடு பிடித்தேன். இருபத்திரண்டு.
ஸ்டோர்க் கூரை நாற்பதுக்கு மேல்.
நிமிர்ந்து நிற்கும் தகரத்தில் சூடு ஓடும்,
சாயச் சாயச் சோம்பும்.
எங்கள் கூரையைப் போட்டவன்
சூட்டையும் படுக்க வைத்துவிட்டுப் போனான்.

முகட்டில் மூடுதகரம், ஆணி, தார்.
இந்தச் சரிவின் சூடும் அந்தச் சரிவின் சூடும்
அங்கே முட்டிக்கொண்டு நிற்க
கீழ்நோக்கி நிரம்புகிறது ஒரு குளம்,
தலைகீழாக.
இரண்டு மணிக்கு அது என் நெற்றிக்கு வந்துவிடும்.

முகட்டைத் திறக்க ஆபிசில் கேட்டேன்.
கூரை கம்பனியுடையது என்றார் கிளார்க் அந்தோனிமுத்து.
சூடு யாருடையது என்று நான் கேட்கவில்லை.
தீபாவளி முற்பணம் இன்னும் கழிந்து முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
பக்கத்துக் காம்பிரா எஸ்தர்மேரி ஏணியைப் பிடிக்க
நான்கு ஆணி பிடுங்கினேன்.
உடைந்த தேயிலைப் பெட்டியின் சட்டங்களைச் செருகினேன்.
மூன்று விரல் சந்து.
உள்ளங்கையை வைத்தேன்,
வந்தது: அவசரமில்லாமல், விடாமல்.
"அடியே, கதவுத்திரை உள்ளே வீங்குது!"
கீழேயிருந்து எஸ்தர்மேரி கத்தினாள்.
போனதின் இடத்துக்கு
ஆள் வந்துகொண்டிருந்தது.

முகட்டில் குந்தியிருந்தபோதுதான் கண்டேன்.
வெல்லவாயப் பக்கத்திலிருந்து
ஒரு நீல சொப்பிங் பை
இலைகூட அசையாத பகலில்
மலையோடு ஒட்டி ஏறி வந்தது.
இடையில் ஒருமுறை பிய்ந்து எழும்பியது,
மறுபடி இறங்கிக் கொழுந்தைத் தடவிக்கொண்டு ஏறியது.
அதற்குப் பின்னால் மூன்று மணி மூடுபனி.
இத்தனை வருஷமும் பனி வருகிறது என்றோம்.
சுட்ட சரிவுதான்
அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

இரவில் எல்லாம் திரும்பும்.
குளிர்ந்த தகரத்தில் காற்று கீழே வழியும்,
சந்தால் ஈரம் இறங்கி
மகளின் கணக்குக் கொப்பி ஊறிப்போனது.
இப்போது ஆறு மணிக்குச் சாக்கால் அடைக்கிறோம்,
பத்துக்கு உருவுகிறோம்.

நேற்று அந்தோனிமுத்து வந்தார், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம்.
மணி மூன்று தாண்டியிருந்தது.
பனியில் முகடு தெரியவில்லை.